பச்சைப் பாபினில் வளைமுள்

என் தங்கை மாப்பிள்ளையின் கைக்குப் போன என் தூண்டில் பெட்டி திரும்பி வரும்போது எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூடி பொருந்தியிருக்காது. உள்ளே ஈரம் தேங்கியிருக்கும். ஒழுங்காகச் சுற்றி வைத்த நரம்புகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் குருவிக்கூடு மாதிரி கிடக்கும். முள்முனைகளுக்கு மாட்டிய ரப்பர் உறைகளில் பாதி கண்மாயோடு போயிருக்கும். பச்சைப் பாபின்கள் எல்லாம் காலி. பெட்டியை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, "அருமையான முள்ளு மச்சான்" என்று சொல்லி அவர் பைக்கைக் கிளப்புவார். நான் சிரித்துக்கொண்டே கையசைப்பேன்.

எங்கள் வீடுகளில் பெண் கொடுத்தவனுக்கு வாய் கிடையாது. தங்கை மாப்பிள்ளை ஒன்றைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கெடுத்துக் கொண்டுவந்தால் அதனாலென்ன என்று சொல்ல வேண்டும். நம் வாயிலிருந்து ஒரு சொல் தடித்தால் அது திரும்பி நம்மீது விழாது, ஓட்டப்பிடாரம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிற அவர் வீட்டில், என் தங்கையின் தலையில் போய் விழும். அதனால் சிரித்தேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் சிரித்தேன். சிரித்ததெல்லாம் கணக்கில் இருந்தது.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீருக்கு அடியில் கருவேல வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. தூண்டில் முள் வேரில் மாட்டினால் எதையாவது இழந்தே ஆக வேண்டும். முழு நரம்பையும் இழக்காமல் இருக்கத்தான் துண்டு. ஒரு கை நீள நைலான் நரம்பு, அதன் ஒரு முனையில் முள், மறு முனையில் நெடுநரம்போடு கோத்துக்கொள்ள ஒரு சுழல்கொக்கி. கடையில் லீடர் என்பார்கள். துண்டு போனால் இன்னொரு துண்டைக் கோத்து மறுபடி வீசலாம். ஆனால் கரையில் உட்கார்ந்து அதைக் கட்ட முடியாது. விரலெல்லாம் இரைக்கு வைக்கிற கோழிக்குடலின் வழுவழுப்பு, பொழுது சாய்கிற வெளிச்சம், எதிரே தக்கை ஆடுகிறது. அப்போது போடுகிற முடிச்சு நல்ல முடிச்சாக இருக்காது. ஆகவே வீட்டிலேயே, பகல் வெளிச்சத்தில், கையைக் கழுவிவிட்டுக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுவது பெரிய காரியமில்லை, வைப்பதுதான் காரியம். சுருட்டிப் பிளாஸ்டிக் கவரில் போட்டால் சிக்கு. தீப்பெட்டியில் மடக்கி வைத்தால் நரம்பு நாலு இடத்தில் மடிந்து, மடிந்த இடத்திலேயே அறும். நைலான் நரம்புக்கு ஞாபகம் அதிகம். எப்படி வைத்தோமோ அந்த உருவத்திலேயே நிற்கும், லேசில் மறக்காது. எனக்கும் அப்படித்தான்.

நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நூல் சுற்றும் பிளாஸ்டிக் குழல்களைப் பாபின் என்போம். விளிம்பு தேய்ந்தவை கழிவுக்குப் போகும். முறையாகக் கேட்டு, மில் வாசலில் காட்டி, சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாபினின் மேல் விளிம்பில் பிளேடால் ஒரு கீறல் போட்டுச் சுழல்கொக்கியை அதில் செருகினேன். நரம்பை இழுக்காமல், தளர்த்தாமல் கீழ்நோக்கிச் சுற்றி, கடைசியில் முள்ளை அடி விளிம்பில் மாட்டினேன். முள்முனைக்கு சைக்கிள் வால்வ் டியூப்பில் அரிசி நீளம் வெட்டி ஓர் உறை போட்டேன். எத்தனை மாதம் கழித்து எடுத்தாலும் நரம்பு ஒரு மடிப்பில்லாமல் இறங்கும். பாபினில் மில் எண்ணெய் வாசம் இருந்தால் மீன் கிட்டே வராது, அதனால் சீயக்காய் போட்டு இரண்டு முறை கழுவி வெயிலில் காயவைத்திருந்தேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சச் சாக்பீஸ் துண்டுகள்.

நிறமும் மில்லிலிருந்து வந்ததுதான். மில்லில் ஒவ்வொரு ரக நூலுக்கும் ஒரு பாபின் நிறம். ஒரு ரகத்தில் இன்னொரு ரகம் கலந்துவிட்டால் துணி நெய்த பிறகு கோடு கோடாகத் தெரியும். எங்கள் பிரிவில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நான் துண்டுகளையும் அப்படியே பிரித்தேன். சிவப்பில் சின்னக் கெளுத்திக்கான மெல்லிய நரம்பும் சின்ன முள்ளும் இருந்தன. பச்சையிலும் மஞ்சளிலும் வாளைக்கானவை. வாளையும் கெளுத்தி இனந்தான், மீசை உண்டு, செதில் இல்லை, ஆனால் அகலமான வாயும் அரம் மாதிரிப் பல்வரிசையும் உள்ள மிருகம். அதற்குத் தடித்த நரம்பு. பச்சையில் நேர்முள், அதாவது வழக்கமான தூண்டில் முள். மீன் கடித்ததும் கம்பைச் சுண்ட வேண்டும், சுண்டினால்தான் குத்தும். மஞ்சளில் வளைமுள். அதன் முனை உள்பக்கமாக, நகம் மடங்கின மாதிரி வளைந்திருக்கும். அதைச் சுண்டவே கூடாது. மீன் விழுங்கிக்கொண்டு தானாக நகரும்வரை பொறுத்தால், முள் வழுக்கி வந்து கடைவாயில் தைத்துக்கொள்ளும். சுண்டினால் எங்கும் தைக்காமல் வாயிலிருந்து வழுவி வெளியே வந்துவிடும்.

முதன்முதலாக மாப்பிள்ளை என்னோடு ஊர்ப் பக்கத்துக் கண்மாய்க்கு வந்த அன்று இதையெல்லாம் நானே அவருக்கு விளக்கினேன்.

"பச்சைன்னா சுண்டணும், மஞ்சள்னா சுண்டக்கூடாது. அவ்வளவுதானே மச்சான்?" என்றார்.

"அவ்வளவுதான் மாப்ள."

"அப்ப எனக்குப் பச்சை. சும்மா பாத்துக்கிட்டு இருக்கதுக்கு எதுக்கு மீன் புடிக்க வரணும்?"

அதன்பிறகு அவர் மஞ்சள் பாபினைத் தொட்டதேயில்லை. முள்ளின் வடிவத்தை உற்றுப் பார்த்ததும் இல்லை. நிறத்தைப் பார்ப்பார், எடுப்பார்.

வாளைக்கு நான் தனியாகப் போகும் கண்மாய் வேறு, அது இடைசெவல் போகிற வழியில் கிழக்கே பிரிகிற வண்டித்தடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தடத்தில் பைக்கை ஓட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். மார்கழியில் தடம் இறுகியதும் போக ஆரம்பிப்பேன். மாசி முடிவதற்குள் மீன் குத்தகைக்காரர் வலை இழுத்துவிடுவார். அந்தக் குத்தகைக்காரர் ஒரு பெண். என்னைவிட மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன், அவர் மரியாதைக்கு என்னை அண்ணாச்சி என்பார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து, கழுத்தில் ஜெபமாலையோடு நேரே கண்மாய்க் கரைக்கு வந்துவிடுவார். அவர் கட்லா, ரோகுக் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார். வாளை அந்தக் குஞ்சுகளைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தது. அது கிடப்பது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில். தண்ணீர் வற்றும்வரை வலை அங்கே எட்டாது.

"தூண்டி போடுறவன் எவனையும் நான் கரையில ஏத்துறதில்ல அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லியிருந்தார். "வாளையத் தூக்குறதுன்னா மட்டும் மடையில உக்காரும். ஒரு ஆளுதான். ரெண்டு பேரு உக்காந்தா நரம்பு சிக்கும், ஊருக்காரன் நாலு பேரு நானும் வாரேன்னு நிப்பான்."

மடையின் கல்மேடையில் அந்த ஒரு இடம் என் இடமாக இருந்தது. அந்தப் பள்ளத்து வாளை ஒன்றை நான் அதுவரை கரையேற்றியதில்லை. இரண்டு முறை நரம்பை வேருக்குள் இழுத்துப் போய் அறுத்திருந்தது. என் பெட்டியில் இருந்த அத்தனை ஒழுங்கும் அந்த ஒரு மீனுக்காகத்தான்.

தை மாதத்தில் ஒரு நாள் மாப்பிள்ளை என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, தன் போனை என்னிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் புடிங்க மச்சான். கை ஆடக்கூடாது."

பிடித்தேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"வணக்கம் நண்பர்களே. கெளுத்தி புடிக்கப் போறவங்க செய்யுத பெரிய தப்பு, துண்டைச் சுருட்டிக் கவருல போடுறது. இதுக்கு நான் ரொம்ப வருசமா யோசிச்சு, நானே ஒரு முறை கண்டுபுடிச்சிருக்கேன்."

என் பாபினைத் தூக்கிக் காட்டினார். சீயக்காய் போட்டுக் கழுவுவதைச் சொன்னார். வால்வ் டியூப்பைச் சொன்னார். சாக்பீஸைக்கூட விடவில்லை. "இதெல்லாம் அனுபவத்துல வாரது நண்பர்களே" என்றார். நான் இருமினேன்.

"இருமாதீங்க மச்சான், சத்தம் பதியுது."

இருமலை அடக்கிக்கொண்டு பிடித்தேன். என் சொத்தை இன்னொருவர் தன் பெயருக்கு எழுதிக்கொள்வதை, என் கையாலேயே, ஆடாமல், அசையாமல், வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்துக் கொடுத்தேன். படம் மிகவும் தெளிவாக வந்தது, அன்றே அதை இணையத்தில் ஏற்றினார். பார்த்தவர்கள் எல்லாரும் அருமை என்று எழுதியிருந்தார்கள்.

மாப்பிள்ளை போனபிறகு என் மனைவி மாடிக்கு வந்து காயப்போட்ட உளுந்தைத் துழாவிக்கொண்டே கேட்டாள். "அவரு கண்டுபிடிச்சதுல நம்ம மொட்டைமாடியும் சேர்த்தியாங்க? இல்ல, அது மட்டும் நம்மளுதுதானா?"

நான் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அன்று முழுவதும் தாடை வலித்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த ஞாயிறு நான் கண்மாய்க்குப் போனபோது, என்னிடமே வழி கேட்டுவைத்திருந்த மாப்பிள்ளை மடைமேடையில் உட்கார்ந்திருந்தார். குத்தகைக்கார அக்கா பக்கத்தில் நின்று அந்தப் படத்தைத் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உம்ம மாப்ள இவ்வளவு பெரிய ஆளா? இத்தன நாளா நீரு ஒரு வார்த்த சொல்லலியே" என்றார் அக்கா. "ரெண்டு வாட்டி நரம்ப அறுத்துக்கிட்டு நின்னீரு. அவரக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? இனி மடையில அவரு உக்காரட்டும். நீரு கலுங்குப் பக்கம் பாத்துக்கிடும்."

இது மச்சான் முறை என்று சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் மாப்பிள்ளையின் வாயில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "பொட்டி கொண்டுவந்தீங்களா மச்சான்?" என்று கேட்டார். கொடுத்தேன். சிவப்புத் துண்டு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கலுங்குப் பக்கம் நடந்தேன். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மேட்டுப் பகுதி. முழங்கால் ஆழங்கூட இருக்காது. எருமைகள் இறங்கிக் கலக்கிக்கொண்டிருந்த தண்ணீரில் விரல் நீளக் கெளுத்திகளைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் என் கல்லில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தேன். இவரை இந்த அக்காவுக்கு முன்னால், இதே கல்லில் வைத்து, வெறுங்கையாக நிற்க வைக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்தேன்.

நரம்பைக் கீறி வைக்கலாம். முள்முனையை அரத்தால் மழுக்கலாம். இரண்டையும் யோசித்தேன், இரண்டும் எனக்கு அருவருப்பாக இருந்தன. என் பெட்டியில் கெட்ட துண்டு ஒன்று இருப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. தவிர, அவரைத் தோற்கடிக்கக் கெட்ட முள் தேவையில்லை. நல்ல முள்ளே போதும்.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மாடி நிழலில் பெட்டியைத் திறந்தேன். பச்சைப் பாபின்களில் நான் மறுபடி கட்டி நிரப்பியிருந்த நேர்முள் துண்டுகளை எல்லாம் அவிழ்த்து மஞ்சளில் சுற்றினேன். மஞ்சளில் இருந்த வளைமுள் துண்டுகளைப் பச்சையில் சுற்றினேன். ஒவ்வொரு முடிச்சையும் நனைத்து இழுத்துச் சோதித்தேன். சந்தேகமாக இருந்த ஒன்றை வெட்டிப் புதிதாகக் கட்டினேன். ரப்பர் உறைகளைப் புதிதாக வெட்டி மாட்டினேன். மில்லில் ஒரு ரகம் நின்று புது ரகம் ஓடும்போது நிறத்தை மாற்றிக்கொள்வோம். நானும் மாற்றிக்கொண்டேன். என் பெட்டி, என் நிறம். பெட்டியை மூடியபோது அதில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை துண்டு சுற்றியதில்லை.

என் மனைவி காப்பியோடு வந்தவள் சற்று நின்று பார்த்தாள். "என்னங்க, தனியா சிரிக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. மாப்ளைக்குப் பெட்டி தயார் பண்ணுதேன்."

"அவருக்கா? இவ்வளவு ஆசையாவா?" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மாப்பிள்ளை மடைமேடையில் ஒரு கம்பை நட்டு, அதில் போனைத் தன்னைப் பார்க்கக் கட்டினார். பெட்டியைத் திறந்தார், பச்சைப் பாபினை எடுத்தார், உறையைப் பிடுங்கிப் போட்டார், கோழிக்குடலை முள் தெரியாமல் பந்தாகச் சுற்றினார். கண் முழுவதும் போனிலேயே இருந்தது. நான் கலுங்கில் உட்கார்ந்து, முள்ளில் இரை வைக்காமலே தண்ணீரில் போட்டேன். அன்று நான் மீன் பிடிக்க வரவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன்பே முதல் கடி வந்தது. தக்கை ஒரே முழுக்காக உள்ளே போனது. மாப்பிள்ளை எழுந்து நின்று இரண்டு கையாலும் கம்பைத் தலைக்குப் பின்னால் சுண்டினார். தக்கை, ஈயக்குண்டு, முள் எல்லாம் தண்ணீரிலிருந்து பாய்ந்து அவர் தலைக்கு மேலே பறந்து பின்னால் இருந்த கருவேல மரத்தில் போய்த் தொங்கின. அவர் போனைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். இரண்டாவது கடியிலும் அதே சுண்டல்தான். இந்த முறை தண்ணீருக்கு மேலே ஒரு வெள்ளை வயிறு புரண்டதைக் கலுங்கிலிருந்தே பார்த்தேன். என் கை நீளம் இருக்கும். அக்கா "ஏ ஆத்தாடி!" என்று கத்தினார். முள் வெறுமையாக வந்தது.

மூன்றாவது முறை அவர் தன் பலம் முழுவதையும் போட்டுச் சுண்டினார். எதிர்ப்பக்கம் எடை ஒன்றும் இல்லாததால் பின்பக்கமாகச் சரிந்து, மேடையிலிருந்து கரைச் சேற்றில் உட்கார்ந்தார். கரிசல் சேறு அவரை இடுப்புவரை வாங்கிக்கொண்டது. அவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் போன் பொறுமையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

அக்காவின் குரல் தண்ணீருக்கு மேலே வந்தது. "அண்ணாச்சீ! உம்ம மாப்ள மீனு புடிக்கலய்யா, மீனுக்குப் பல்லு வெளக்கி விடுதாரு! வந்து பாரும்!"

நான் அவசரப்படாமல் கரை வழியே நடந்து போனேன். நான் போவதற்குள் மாப்பிள்ளை எழுந்து, வேட்டியை உதறி, முகத்தில் ஒரு கோபத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"முள்ளு மொட்டையா இருக்கு மச்சான்" என்றார் அக்காவுக்கும் கேட்கிற மாதிரி. "இப்படியா கட்டி வைப்பீங்க? உங்க முள்ள நம்பி வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

உங்க முள். மொட்டைமாடியில் அவருடையதாக இருந்த முள், மீன் தப்பியதும் என்னுடையதாகிவிட்டது. இவரை வெறுங்கையாக நிற்க வைக்க நினைத்தேன், இவரோ என் கைவேலையின் மேல் ஏறி நிற்கிறார். அக்காவுக்கு முன்னால் என் முடிச்சின் மானம் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

ஆனால் அக்கா குத்தகை எடுக்கிறவர். ஏலத்தில் யார் என்ன சொன்னான், பிறகு எப்படி மாற்றிச் சொன்னான் என்று பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவர்.

"இருங்க தம்பி" என்றார் மாப்பிள்ளையிடம். "இது அண்ணாச்சி கட்டுன முள்ளா?"

"ஆமாக்கா. மச்சான் பொட்டிதானே."

"படத்துல நீங்களே கண்டுபுடிச்சதா, நீங்களே கட்டுனதால்லா சொன்னீங்க? மீனு வந்தா உங்க முள்ளு, மீனு போனா அவரு முள்ளா? நல்லா இருக்கே ஞாயம்!"

மாப்பிள்ளை போனைக் கம்பிலிருந்து அவிழ்ப்பதில் மும்முரமானார். முடிச்சு அவிழவில்லை. அவர் போட்ட முடிச்சு.

"அடுத்த ஞாயிறு நீரு உக்காரும் அண்ணாச்சி" என்றார் அக்கா. "ஒரு வாரந்தான். அன்னைக்கும் வாளை ஏறலன்னா மாமனும் வேண்டாம், மச்சானும் வேண்டாம். நான் மடையில முள்வேலி போட்டுட்டுப் போறேன்."

அன்று மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வராமலே ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் மாலை தங்கையிடமிருந்து போன் வந்தது. பயந்துகொண்டேதான் எடுத்தேன். இந்தப் பயத்துக்காகத்தானே இத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்தேன்.

"ஏண்ணே, பொட்டியில என்ன செஞ்ச?"

"நான் என்ன செஞ்சேன்? முள்ளெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"சரியாத்தான் இருந்திருக்கும். எந்த எடத்துல இருந்துச்சுன்னு கேக்கேன். உன் பொட்டியில ஒரு முள்ளு தானா எடம் மாறுமா? நான் உன்கூடப் பொறந்தவ, எங்கிட்டயே கத விடுத."

எதிர்ப்பக்கம் அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேட்டிய ஊறப் போட்டு ரெண்டு நாளு கசக்கினாலும் உன் ஊரு கரிசல் போகாது போல" என்றாள். "என்ன நடந்துச்சின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டக்காவ. போனுல பாத்தேன். அழிக்கதுக்கு முன்னாடி பாத்துட்டேன்."

"உனக்குக் கோபம் இல்லியா?"

"எனக்கா? நான் வறுத்து அரைக்குத மல்லிப்பொடிய, உரக்கடையிலயே ஒரு ஓரமா வச்சு அவிய அம்மா கைப்பக்குவம்னு சொல்லித்தான் விக்காவ. வாங்குறவ ஒருத்தி எங்கிட்டயே வந்து, உங்க அத்தையக் கேட்டுக் கத்துக்கிடுங்கங்கா. எனக்குக் கோபமான்னு கேக்க." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்காகப் பயந்துக்கிட்டு பொட்டிக்குள்ள வேல பாக்காதண்ணே. நேராக் கேளு. என்ன செஞ்சிருவாவ? ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்பாவ. அந்த ரெண்டு நாளு எனக்கும் வீடு அமைதியா இருக்கும்."

போனை வைத்தேன். ஆறுதலாக இல்லை. இத்தனை வருஷம் தேவையில்லாமல் சிரித்திருக்கிறேனே என்று ஆத்திரம் இரட்டிப்பானது.

அடுத்த ஞாயிறு மடைமேடையில் நான் உட்கார்ந்தேன். நிறத்தைத் திருப்பி மாற்றவில்லை. பச்சையில் வளைமுள் என்பது இனி அப்படியேதான். பச்சைப் பாபினைத் திருப்ப நரம்பு ஒரு மடிப்பில்லாமல் இறங்கியது. இரையை முள்முனை வெளியே தெரியும்படி மெல்லியதாகக் குத்தி, பள்ளத்தின் ஓரத்தில், வேர்களுக்கு இப்பால் போட்டேன்.

மாப்பிள்ளை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வராவிட்டால் தோற்றதாகிவிடும் என்று நினைத்திருப்பார். அக்காவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு எனக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

தக்கை அசைந்தது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்தது. பிறகு முங்கியது.

"சுண்டுங்க மச்சான்! சுண்டுங்க, போகுது!"

"உக்காருங்க மாப்ள."

"ஐயோ, போகுது மச்சான்!"

நான் சுண்டவில்லை. கம்பை மட்டும் நிதானமாகத் தூக்கிக்கொண்டே போனேன். நரம்பு விறைத்தது, கம்பு வளைந்தது, அதன் மறுமுனையில் ஒரு கனம் தலையை ஆட்டியது. முள் தன் இடத்துக்குப் போய்விட்டது என்று கைக்குத் தெரிந்தது. வேர்ப்பக்கம் திரும்பவிடாமல் மேட்டுப் பக்கமாக இழுத்துப் பிடித்து நின்றேன். அது இழுத்தது, விட்டேன். சோர்ந்தது, வாங்கினேன்.

பின்னால் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை என் காலடியில் கிடந்த வெற்றுப் பாபினைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சைன்னா சுண்டணும்னுதானே சொன்னீங்க?" என்றார் மெதுவாக.

"அது பழைய பச்சை மாப்ள."

அவர் பாபினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கருவேல மரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்ததை நான் மீனை மறந்து பார்த்தேன். அந்த முகத்துக்காக இன்னும் ஒரு வருஷம் கலுங்கில் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா சாக்கோடு தண்ணீரில் இறங்கி வாளையை அணைத்துக் கரையில் போட்டார். அகன்ற வாயும் நீண்ட மீசையுமாக அது கரிசல் மேல் புரண்டது. வளைமுள் கடைவாயில் கம்மல் மாட்டினது மாதிரி தைத்திருந்தது. நரம்பில் கீறலில்லை. முடிச்சு இறுகியது இறுகியபடி.

"எத்தன ஆயிரம் குஞ்சத் தின்னியோ சண்டாளி!" என்று அக்கா அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "வலை இழுக்க வரைக்கும் மடை உம்மளுதுதான் அண்ணாச்சி."

மாப்பிள்ளைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை போலும். பழக்கத்தில் கை போனை எடுத்துவிட்டது. மீனைப் பார்க்க நீட்டிக்கொண்டு, "ஒரு படம் எடுத்துக்கிடட்டா மச்சான்?" என்றார்.

"எடுங்க மாப்ள" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எடுக்கும்போது துண்டு யாரு கட்டுனது, பாபின்ல சுத்துத முறை யாரு முறைன்னு சொல்லிட்டு எடுங்க. போன தடவை சொன்னதுல கொஞ்சம் தப்பு இருந்துச்சு. நான்தான் போனப் புடிச்சிக்கிட்டு இருந்தேன், அதனால எனக்குத் தெரியும்."

அக்கா சாக்கைப் பிழிவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். வணக்கம் நண்பர்களே என்று ஆரம்பித்தார். மீனைக் காட்டினார், மடையைக் காட்டினார், பாபினைக் காட்டினார். அதற்குமேல் காட்ட ஒன்றும் இல்லாமல் போனபிறகு, போனைக் கீழே தாழ்த்திக்கொண்டு, இது எங்க மச்சான் கட்டுனது, முறையும் அவிய முறைதான் என்று சொன்னார்.

"சத்தம் பதிஞ்சிருக்காது மாப்ள" என்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். முதல் தடவையே எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.